எடுக்காத எண்ணெய்க்கும் நஷ்டஈடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிட உலகம் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று சென்ற வாரக் கட்டுரை கேட்டிருந்தது. பணம், தொழில்நுட்பம், ஓட்டு அரசியல் எல்லாம் அதில் வந்தன. அரசின் முடிவால் நஷ்டம் என்றால் வெளிநாட்டு முதலீட்டாளர் அந்த அரசின் மீதே வழக்குப் போட வழிதரும் முதலீட்டு ஒப்பந்தங்கள் மட்டும் விடுபட்டுவிட்டன.

இத்தாலியின் அப்ருசோ கரையோரம் கடலுக்குள் மரக்கால் ஊன்றி வலை இறக்கும் பழைய மீன்பிடி மேடைகள் உண்டு. திராபோக்கி என்பார்கள். அதற்கு எதிரே கடலடியில் ஓம்ப்ரினா மாரே எண்ணெய் வயல். ஊர் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் புதிதாக எண்ணெய் எடுக்கக் கூடாது என்ற தடையை 2015 கடைசியில் நாடாளுமன்றம் மறுபடியும் கொண்டுவந்தது. சரி, அதோடு முடிந்தது என்றுதானே நினைப்போம்? ராக்ஹாப்பர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் எரிசக்தி முதலீடுகளைப் பாதுகாக்கப் பல நாடுகள் சேர்ந்து போட்ட எரிசக்தி சாசன ஒப்பந்தத்தைக் காட்டி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2022-இல் தீர்ப்பு: 19 கோடி யூரோ, வட்டி தனி. இத்தனைக்கும் அந்த நிறுவனத்துக்கு உற்பத்தி உரிமமே தரப்படவில்லை.

இத்தாலி 2016 தொடக்கத்திலேயே அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டது. ஆனால் விலகிய பிறகும் பழைய முதலீடுகளுக்கு 20 ஆண்டு பாதுகாப்பு உண்டாம். விவாகரத்து ஆன பிறகும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தீபாவளிச் சீர் அனுப்புவது போல! 2025 ஜூனில் தீர்ப்பு ரத்தானது. காரணம், நடுவர்களில் ஒருவர் தம்மீது முன்பு நடந்த குற்ற வழக்கைச் சொல்லாமல் விட்டது. தடை போட்டது சரியா, தவறா என்பதற்கு அதில் பதில் இல்லை.

2030-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தச் சட்டம் போட்ட நெதர்லாந்திடம் ஆர்டபிள்யூஇ என்ற ஜெர்மன் மின் நிறுவனம் இதே ஒப்பந்தத்தைக் காட்டி 140 கோடி யூரோ கேட்டது. அப்புறம் வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் அடுத்து இப்படிச் சட்டம் எழுத உட்காரும் நாட்டின் நிதியமைச்சர் அந்தத் தொகையை மறந்திருப்பாரா?

முதலீட்டாளருக்குப் பாதுகாப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சூரிய மின்சாரத்துக்குச் சொன்ன விலையை நடுவில் குறைத்த ஸ்பெயின் மீதும் இதே ஒப்பந்தத்தின்படி வழக்குகள் போட்டுப் பலர் ஜெயித்தார்கள். அது நியாயம்தான்.

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் நமக்கும் சூடு பட்டிருக்கிறது. கோல் இந்தியாவுடனான தகராறு நம் நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் இழுத்தது என்பதற்காகவே ஆஸ்திரேலியாவின் வைட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் இரு நாட்டு முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி 2011-இல் இந்தியாவிடம் நஷ்டஈடு வாங்கியது. அதனால்தான் உள்ளூர் நீதிமன்றத்தில் 5 ஆண்டு முயன்ற பிறகே சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று, பிற நாடுகளுடன் போடும் முதலீட்டு ஒப்பந்தங்களுக்கான 2016 மாதிரி வரைவில் எழுதினோம். 2024-இல் அமீரகத்துடன் போட்டதில் அதை 3 ஆண்டாகக் குறைத்தோம். ஐரோப்பிய ஒன்றியத்துடன் முதலீட்டுப் பாதுகாப்புப் பேச்சு 2022-இல் தொடங்கியது. அதில் நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கூடாது என்று கேட்கிறோமா? உங்கள் டெல்லி நிருபர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு