அந்த ஸ்டிக்கரை எங்கள் கையில் கொடுங்கள்

தமிழ்நாட்டில் முகத்துக்கு ஃபில்லர் ஊசி போடும் தோல் டாக்டர்களுக்கும் பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கும்,

வணக்கம்.

நான் திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 46. கவுன்ட்டரில் உட்காருகிறவள் என்பதால் காலையிலிருந்து சாயங்காலம்வரை நூறு பேராவது என் முகத்தைப் பார்ப்பார்கள். "நைட்டு தூங்கலையா மேடம்?" என்று யாராவது ஒருவர் கேட்காத நாள் கிடையாது. கண்ணுக்குக் கீழே அப்படி ஒரு பள்ளம். அப்பா வழியில் எல்லோருக்கும் உண்டு. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில் ஒரு கிளினிக்கில் ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் செலுத்திப் பள்ளத்தை நிரப்புகிற ஊசி, போட்டுக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கண்ணுக்கு அரை எம்.எல். வீதம் ஒரு சிரிஞ்சு. முதல் ஒரு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே தடிப்பாக, விரல் வைத்தாற்போல ஒரு வீக்கம். மத்தியானத்துக்குள் கொஞ்சம் இறங்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த இடம் லேசாக நீலம் பூத்துத் தெரியும். பள்ளம் இருந்தபோது தூங்கவில்லையா என்று கேட்டவர்கள், இப்போது அழுதீர்களா என்று கேட்டார்கள்.

திரும்பப் போய்க் காட்டினேன். கண்ணுக்குக் கீழே சரியாகத்தான் இருக்கிறது, கன்னம் இறங்கியிருப்பதால் எடுப்பாகத் தெரிகிறது, கன்னத்தை நிரப்பினால் சமமாகிவிடும் என்றார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு எம்.எல். போனது. சும்மா இருக்கும்போது பரவாயில்லை. சிரித்தால் இரண்டு கன்னமும் மேலே திரண்டு வந்து கண்ணை மூடியது. என் மகள் எடுத்த ஒரு போட்டோவில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கோடுதான் இருக்கிறது. நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி, மூஞ்சி ஊதின மாதிரி இருக்கே, தைராய்டு பாத்தீங்களா?" என்றாள். உண்மையைச் சொல்ல வாய் வராமல் ரத்தம் கொடுத்து டெஸ்ட்டும் எடுத்தேன். எல்லாம் நார்மல்.

இதைக் குற்றம் சுமத்துவதற்காக எழுதவில்லை. ஃபில்லரே கூடாது என்று சொல்கிறவளும் இல்லை. எச்.ஐ.வி. மருந்தால் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்கு முகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் 2004இல் அமெரிக்காவில் ஒரு ஃபில்லருக்கு அனுமதி தந்தார்கள். தெருவில் ஒருவர் கன்னத்தைப் பார்த்தே அவருடைய நோயை ஊகித்துவிடுகிற நிலைமையில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! அளவாகப் போட்ட ஃபில்லர் யார் கண்ணிலும் படாது. நம் கண்ணில் படுவதெல்லாம் அளவு மீறியதும் இடம் தவறியதும்தான். அது யாருக்கும் நடக்கும், நல்ல கை உள்ள டாக்டரிடமும் நடக்கும். நடந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

இரண்டாவதாக ஒரு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன போட்டாங்க?" தெரியவில்லை. "எத்தனை எம்.எல்.?" சொன்னேன். "எந்தக் கம்பெனி? ஹயலூரானிக் அமிலமா, கால்சியமா?" பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினேன். அதில் அழகு சிகிச்சை என்று ஒரு வரியும் தொகையும் மட்டும். அவர் பில்லைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஊசியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. சரியான பதில் அது.

ஏனென்றால் கேள்வி மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஊசி போட்டுக்கொள்ளும் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். ஹயலூரானிக் அமிலத்தில் செய்த ஃபில்லராக இருந்தால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் என்றால் அந்த நொதி அதை ஒன்றும் செய்யாது. நிரந்தர ஃபில்லர், சிலிகான் என்றால் கத்தி வைத்து எடுப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை, அதிலும் முழுசாக வராது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வீக்கம்தான். உள்ளே இருப்பது எது என்று ஊசி போட்டவருக்கு மட்டும் தெரியும், பெட்டியில் இருந்த ஸ்டிக்கருக்குத் தெரியும்.

அந்த ஸ்டிக்கரைத்தான் கேட்கிறேன். நல்ல கம்பெனி ஃபில்லர் பெட்டிக்குள் பிய்த்து ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கர் வைத்தே வருகிறது. பொருளின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டலாம், இன்னொன்றை எங்களிடம் தரலாம். என் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் செய்தபோது, கண்ணுக்குள் வைத்த லென்ஸின் ஸ்டிக்கரைச் சின்ன அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து பத்திரமாக வைத்திருக்கிறாள். கன்னத்துக்குள் போனதற்கு மட்டும் ஏன் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை?

அதே கண் ஆபரேஷனைப் பற்றி இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். கண் ஆபரேஷனுக்கு முன்னால் மரத்துப்போகப் போடும் ஊசியில், மருந்து சீக்கிரம் பரவுவதற்காக இதே ஹயலூரானிடேஸைக் கலப்பது கண் டாக்டர்களுக்கு வெகுகாலப் பழக்கம். நம் ஊருக்குப் புதிதும் இல்லை, கிடைக்காத பொருளும் இல்லை. ஃபில்லரைக் கரைக்க வழி உண்டா என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் ரிஸ்க், தானா கரைஞ்சிடும், பொறுத்துக்கோங்க" என்று முதல் கிளினிக்கில் சொன்னார்கள். எத்தனை மாதம் பொறுப்பது? ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லிப் போட்ட ஃபில்லர் பல வருடம் கழித்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிகிறது. முக்கியமாகக் கண்ணுக்குக் கீழே போட்டது லேசில் போவதில்லை. 2017இல் அமெரிக்க நடிகை கோர்ட்னி காக்ஸ், தன் ஃபில்லர்களையெல்லாம் கரைத்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை வருடம் கழித்தும் இந்த வழி இருக்கிறது என்பதையே எங்களிடம் சொல்லாமல் இருப்பது நியாயமா?

பெயர் தெரிந்துகொள்ள முதல் கிளினிக்குக்கு போன் போட்டேன். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பதினொரு நாளில் ஆறு தடவை பேசினேன், பதில் வரவில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தந்துவிட வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. அந்த விதி எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும், ஃபில்லர் போட்டதையே மறைத்து வைத்திருக்கிற ஒரு பெண் எங்கே போய்ச் சண்டை போடுவாள்? எங்கள் வெட்கம்தான் எங்கள் வாயைக் கட்டுகிறது. அதனால்தான் நாங்கள் கேட்டுத் தருகிற மாதிரி இல்லாமல், நீங்களாகவே தர வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண்மணி. அவர் தோலுக்கென்று இருக்கிற அல்ட்ராசவுண்ட் கருவியைக் கண்ணுக்குக் கீழே வைத்துத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் மழைத்தண்ணீர் தேங்கின மாதிரி கறுப்பாகக் குட்டைகள். ஹயலூரானிக் அமிலமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அப்புறம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்: "தேனீ, குளவி கொட்டி எப்பவாவது உடம்பு ரொம்ப வீங்கியிருக்கா?" இல்லை என்றேன். அவற்றின் விஷத்திலும் இதே வகை நொதி உண்டாம், ஒவ்வாமை இருந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமாம். முன்கையில் ஒரு துளி போட்டு இருபது நிமிடம் உட்கார வைத்தார். சின்னக் குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி, 1500 யூனிட் என்று போட்டிருந்தது. அதில் சலைனைக் கலந்து, கொஞ்சமாக எடுத்துக் கண்ணுக்குக் கீழே நாலைந்து இடத்தில் குத்தினார். எரிச்சல் நன்றாகவே இருந்தது. விரலால் அமுக்கி நீவிவிட்டார். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், கட்டி இளகியிருந்தது. மறுநாள் காலையில் கண்ணாடியில் அப்பா வழிப் பள்ளம் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஒரே தடவையில் முடியவில்லை. வலது பக்கம் ஒரு இடம் மட்டும் கரையாமல் நின்றுவிட்டது, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டார். கன்னத்தையும் முழுசாகக் கரைக்காமல், என்னைச் சிரிக்கச் சொல்லி, பேசச் சொல்லி, பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கரைத்த பிறகு சில நாள் முகம் வாடின மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நானும் பயப்படவில்லை. போடும்போதும் இப்படிச் சிரிக்க வைத்துப் பார்த்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்று தோன்றியது. நாங்கள் உங்கள் நாற்காலியில் சாய்ந்து ஆடாமல் இருக்கும் முகத்தோடு வாழ்வதில்லை, டாக்டர்.

என் கதை அழகு சம்பந்தப்பட்டது, அதோடு போயிற்று. ஆனால் ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் வெளுக்கும், வலை விரித்த மாதிரி நீலம் பாரிக்கும், வலிக்கும். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போய்விடும், அங்கே நிமிடக் கணக்குதான். எல்லாமே உங்கள் நாற்காலியிலேயே நடந்துவிடுவதும் இல்லை. சில பேருக்கு வீட்டுக்குப் போன பிறகு தெரியவருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் கன்னம் வெளுத்து, வலியோடு ஜி.எச். கேஷுவாலிட்டியில் போய் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி டாக்டர் என்ன போட்டீர்கள் என்று கேட்கிறார். அவளுக்குத் தெரியவில்லை, உங்கள் கிளினிக் பூட்டியிருக்கிறது. அந்தச் சீட்டு அவள் கைப்பையில் இருந்திருந்தால்?

பார்லரில் போட்டுவிடுகிறவர்களுக்கும், ஃபில்லரைத் தோலுக்குள் அழுத்திச் செலுத்துகிற ஊசியில்லாப் பேனாவை ஆன்லைனில் விற்கிறவர்களுக்கும் இந்த மடலை எழுதவில்லை. அவர்களைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலை. நீங்கள் படித்தவர்கள், எங்கள் முகத்தை நம்பி ஒப்படைத்திருக்கிறோம். ஊசி போடும் அன்றைக்கே, இதை எப்படிக் கரைப்பது, கரைக்க முடியாத வகை என்றால் அது ஏன் என்று ஐந்து நிமிடம் எங்களுக்குச் சொல்லுங்கள். கரைக்கும் மருந்தைக் கிளினிக்கில் எப்போதும் வைத்திருங்கள். எடுத்துவிடுங்கள் என்று ஒருத்தி திரும்பி வந்தால், இன்னொரு சிரிஞ்சு போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வதற்கு முன்னால் அவள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

மூன்றாவது டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது அரைப் பக்கத் தாள். தேதி, கரைத்த மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், எந்தப் பக்கம் எவ்வளவு யூனிட், கன்னத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கலாம், அவசரம் என்றால் கூப்பிட ஒரு நம்பர். எழுத அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே ஓரத்தில், முதல் கிளினிக்கின் ஸ்டிக்கர் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு விட்டிருக்கிறார். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வங்கி ஊழியர்,
திருச்சி