அதற்குக் காது இருக்கிறதா என்று பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பதினோரு பக்கத்தில் எட்டுப் பக்கம் உன் மாடல் ரயில், ஒரு பக்கம் முழங்கால் வலி, மிச்சமெல்லாம் மகளுக்கு வேலை கிடைத்த பெருமை. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடு. முழங்காலுக்கு டாக்டரைப் பார். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் தண்டவாளத்துக்குத்தான்.

இங்கே செய்தி என்று பார்த்தால், வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. உலகத்தையே யாரோ துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. அதில் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே மெரூன் என்று நினைத்து நான் பெயின்ட் அடித்த இரண்டு மாடல் ரயில் பெட்டிகளை இப்போது பார்த்தால், ஒன்று செங்கல் நிறம், இன்னொன்று துருப்பிடித்த ஆணி நிறம். வீட்டில் இத்தனை நாள் யாருமே சொல்லவில்லை. பாவம் கிழவன், போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

நீ அனுப்பிய படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டடிக்கு நாலடி, ஒரு நீள்வட்டம், ஒரு கிராசிங் லூப், வண்டியை ஒதுக்கி நிறுத்த மூன்று சைடிங். மூலையில் ஒரு சுரங்கம். செருப்புப் பெட்டியை வெட்டிச் சுரங்கம் செய்து, தரையில் சாக்பீஸால் தண்டவாளம் போட்டு விளையாடினோமே, அந்தச் சுரங்கத்தை நீ இன்னும் விடவில்லை! சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கையைக் கடிக்காத டிஜிட்டல் கன்ட்ரோலர் எது என்று கேட்டிருக்கிறாய்.

ஒரு நேரத்தில் ஒரே இன்ஜின்தான் ஓடும் என்றால் உனக்கு டிஜிட்டலே வேண்டாம், வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டுமே, பெட்டியில் கிடக்கும் அந்தப் பழைய டிசி கன்ட்ரோலரைத் தூசி தட்டி எடு என்று சொல்லியிருப்பேன். நிஜமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் நீ லூப் போட்டிருக்கிறாய். ஒரு வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்க, எதிர் வண்டி கடந்து போக வேண்டும் என்கிறாய். பழைய முறையில் அதற்குத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வைத்து, ரயிலை ஓட்டுவதை விட்டுவிட்டு சுவிட்சை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் அந்தத் தொல்லை இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். அதன் துருவம் படபடவென்று மாறிக்கொண்டே இருக்கும். குட்டைத் துடிப்பு என்றால் 1, நெட்டைத் துடிப்பு என்றால் 0. குட்டையில் ஒரு பாதி 58 மைக்ரோசெகண்ட், நெட்டையில் ஒரு பாதி குறைந்தது 100. இன்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் டீகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகை தன் நம்பர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்து, வந்தால் மட்டும் அசையும்.

இதில் நமக்கு ஒரு பெரிய நன்மை. பெர்ண்ட் லென்ஸ் 1980களின் கடைசியில் செய்த முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் இந்தத் துடிப்பைப் பொதுத் தரமாக்கிவிட்டது. அதனால் எந்தக் கம்பெனி டிசிசி கன்ட்ரோலரும் எந்தக் கம்பெனி டிசிசி டீகோடரையும் ஓட்டும். பின்னால் கன்ட்ரோலரை மாற்றினாலும் இன்ஜின்களுக்குள் போட்ட பணம் அப்படியே இருக்கும். ஆனால் வண்டியை ஓட்டக் கையில் பிடிக்கும் கைப்பிடிகளைக் கன்ட்ரோலர் பெட்டியோடு இணைக்கிற வயர் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு கம்பெனியில் லோகோநெட், இன்னொன்றில் எக்ஸ்பிரஸ்நெட். இரண்டாவது கைப்பிடி வாங்கப் போகும்போதுதான் அது உறைக்கும்.

இனி என் சொந்தக் கதை. நான் முதலில் வாங்கியது இருப்பதிலேயே மலிவானது. கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் அதனுடையது அல்ல, என்னுடையது. பத்து பட்டன், ஒரு குமிழ், பார்க்க லட்சணமாக இருந்தது. இன்ஜினுக்கு நம்பர் எழுதும், அவ்வளவுதான். ஆறு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். பிறகு ஒரு பழைய டீசல் இன்ஜின் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அது ஓடியது, ஆனால் முன்விளக்கு கண்ணடித்தது. குமிழை ஒரு படி திருப்பினால் விளக்கு எரியும், அடுத்த படிக்கு அணையும், அதற்கடுத்த படிக்கு எரியும். வயர் எங்கோ தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று நினைத்து மேல்கூட்டைக் கழற்றினேன். விளக்கின் வெள்ளை வயரையும் நீல வயரையும் எடுத்து மறுபடி பற்றவைத்தேன். மூடி ஓட்டினேன். கண்ணடித்தது. மறுநாள் பல்பையே மாற்றினேன். மறுபடியும் கண்ணடித்தது. கூட்டைக் கழற்றி மாட்டியதில் ஒரு கைப்பிடிக் கம்பி உடைந்ததுதான் மிச்சம்.

தெரிந்த பையன் ஒருவன் தன் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு முழ நீளத் தண்டவாளத்தைத் தனியாக வைத்து அதில் இன்ஜினை நிறுத்தி, 29-ஆம் சிவியைப் படி என்று அழுத்தினான். சிவி என்றால் டீகோடர் தன் அமைப்புகளை நம்பர் போட்டுச் சேமித்து வைக்கும் அறை. இன்ஜின் லேசாக ஒரு துள்ளு துள்ளியது. பிறகு இன்னொன்று. விக்கல் எடுத்த மாதிரி. திரையில் 4 என்று வந்தது. பையன் சிரித்துவிட்டான். “இதில் 6 இருக்கணும், அங்கிள். இது வேகத்தை 14 படியாப் பிரிக்கிற பழைய கணக்கில் இருக்கு, உங்க கன்ட்ரோலர் 28 படிக் கணக்கில் பேசுது.” 28 படியில் வேகத்துக்காகப் போகும் ஒரு பிட்டை, 14 படிக் கணக்கில் இருக்கும் டீகோடர் விளக்குக்கான ஆணை என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு படிக்கு வெளிச்சம், ஒரு படிக்கு இருட்டு. 6 என்று எழுதினான். விளக்கு நின்று எரிந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பற்றவைத்துப் பற்றவைத்து நான் இரண்டு ராத்திரி கண் விழித்ததை அவனிடம் சொல்லவில்லை.

அந்த விக்கல்தான் நான் சொல்ல வந்தது. டீகோடருக்கு வாய் கிடையாது. கன்ட்ரோலர் “29-இல் இன்னது இருக்கிறதா?” என்று கேட்கும், ஆம் என்றால் டீகோடர் மோட்டாரை ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் தட்டிவிட்டுக் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 60 மில்லியாம்பியர், 6 மில்லிசெகண்ட், அவ்வளவுதான் அதன் பதில். அந்த இழுப்பை உணரத் தெரிந்த கன்ட்ரோலருக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம். மலிவானவற்றில் பல பேசும், கேட்காது. பாக்மான் ஈ-இசட் கமாண்ட், ஹார்ன்பி செலக்ட் இரண்டும் அந்த ரகம். புது இன்ஜின்களை மட்டும் வாங்கி, நம்பர் கொடுத்து ஓட்டுகிற ஆளுக்கு அவை போதும். நீயோ பழைய சரக்கு எங்கே கிடைக்கும் என்று அலைகிற ஆள். யாரோ எப்போதோ என்ன நம்பரை எழுதி வைத்தார்களோ, அதைப் படிக்க முடியாவிட்டால் இன்ஜின் தண்டவாளத்தில் கல்லாக நிற்கும். எத்தனை அட்ரஸ், எத்தனை பட்டன் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதே. சிவி படிக்குமா என்று மட்டும் முதலில் கேள்.

அடுத்தது கரண்ட். இப்போதைய எச்ஓ அளவு (1:87) இன்ஜின்கள் ஓடும்போது அரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சத்தம் போடுகிறவை கொஞ்சம் கூட இழுக்கும். உன்னிடம் ஐந்து இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டோ மூன்றோதான் நகரும். 2 ஆம்பியர் தாராளம். 1 ஆம்பியர் என்றால் மூன்றாவது வண்டி கிளம்பும்போது மூச்சு வாங்கும். அதற்காக 5 ஆம்பியர் பக்கம் போகாதே. 15 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 75 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒரே இடத்தில் வைத்த சூடு. தடம் புரண்ட ஒரு சக்கரம் வழியாக அவ்வளவும் பாய்ந்தால், கன்ட்ரோலர் கட் ஆவதற்குள் சக்கரங்களைத் தாங்கும் போகியின் பிளாஸ்டிக் இளகிவிடும். எது வாங்கினாலும் ஒரு நாணயத்தை எடுத்து லேஅவுட்டில் பத்து இடத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பார். வைத்த மாத்திரத்தில் கன்ட்ரோலர் கட் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வயர் மெலிது என்று அர்த்தம். பலகைக்கு அடியில் தடிமனான வயர் இரண்டை ஓட்டி, மூன்றடிக்கு ஒரு முறை மேலே கிளை கொடு.

நீ குறித்து அனுப்பிய மூன்றில் என்சிஇ பவர் கேப் நல்லது. படிக்கும், இரண்டு ஆம்பியர் வாக்கில் கொடுக்கும், குமிழ் கட்டைவிரலுக்கு வாகாக இருக்கும். ஒரு விசித்திரம், மூளையும் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டரும் அந்தக் கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால், கைப்பிடியைப் பிடுங்கினால் லேஅவுட்டே அணைந்துவிடும். டிஜிட்ராக்ஸ் செஃபிர் எக்ஸ்பிரஸ் 3 ஆம்பியர், கம்ப்யூட்டரில் இணைக்க யுஎஸ்பி அதிலேயே இருக்கிறது. ஆனால் மேசைமேல் உட்கார்ந்திருக்கும், அதைத் தேடி நீதான் போக வேண்டும். எட்டடி மேசையில் அது ஒரு குறை இல்லை, முழங்கால் ஒத்துழைத்தால். ரோக்கோவின் வெள்ளை இசட்21 வாங்கினால் அன்லாக் கோடோ ரவுட்டரோ சேர்த்து வருகிறதா என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் போனோடு பேசாது.

ஆனால் நிஜமாகவே மலிவாக வேண்டும் என்றால் நான்காவது ஒன்று இருக்கிறது, அதை நீ எழுதவே இல்லை. டிசிசி-இஎக்ஸ். ஆர்டுவினோ மெகா என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை ஒன்று, அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்ட் என்ற பலகை ஒன்று, ஒரு வைஃபை போர்டு, ஒரு பவர் சப்ளை. மென்பொருள் இலவசம். ஷீல்டில் இரண்டு வழி இருப்பதால் ஒன்று லேஅவுட்டுக்கு, மற்றது சிவி படிக்கும் தனித் தண்டவாளத்துக்கு. காது நன்றாகவே கேட்கும். நான் இப்போது ஓட்டுவது இதில்தான். பொருத்துவதற்கு முன்னால் ஷீல்டின் அடியில் இருக்கும் ‘விஇன்’ இணைப்பைக் கத்தியால் வெட்டிவிட வேண்டும், அதை மறக்காதே. வெட்டாவிட்டால் தண்டவாளத்துக்கான வோல்ட்டேஜ் ஆர்டுவினோவுக்குள் இறங்கும். வெட்டியபின் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள். இதோடு கம்ப்யூட்டரில் ஜேஎம்ஆர்ஐ என்ற மாடல் ரயில் மென்பொருளைப் போட்டுக்கொண்டால் அதுவும் இலவசம். டீகோடர்ப்ரோ என்ற பகுதியில் 29-ஆம் சிவியில் எந்த பிட் என்ன என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை, டிக் அடித்தால் போதும்.

கைப்பிடிக்கு உன் டிராயரில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்ட் போனை எடு. சிம் வேண்டாம். என்ஜின் டிரைவர் என்ற ஆப். இதில் எனக்கு ஒரே மனத்தாங்கல்: கண்ணாடித் திரைக்கு மேடு பள்ளம் கிடையாது. ஷண்டிங் பண்ணி வேகன்களைச் சேர்த்துப் பிரிக்கும்போது கண் இன்ஜின்மேல் இருக்க வேண்டும், ஆனால் விரல் எங்கே இருக்கிறது என்று திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குள் வேகன் தடுப்பில் இடித்துவிடும். பக்கவாட்டு வால்யூம் பட்டனிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று தெரிந்த பிறகு பாதி கோபம் தணிந்தது. மீதிப் பாதிக்குக் குமிழ்தான் மருந்து. நீ பற்றவைக்கச் சோம்பல்படுகிற ஆள் என்றால் பேசாமல் பவர் கேப் வாங்கு.

உன் இரண்டு பழைய டிசி இன்ஜின்கள். அட்ரஸ் 0-இல் வைத்து டீகோடர் இல்லாமலே ஓட்டலாம் என்று சில கன்ட்ரோலரில் எழுதியிருக்கும். ஓடும். நிற்கும்போதும் கொசு மாதிரி ரீங்காரம் போடும், மோட்டார் சுடும், இரும்பு நடுக்கட்டை இல்லாத கோர்லெஸ் மோட்டார் என்றால் கருகியே போகும். வேண்டாம். டீகோடர் போட்டுவிடு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. அந்தக் கறுப்பு நீராவி இன்ஜினில் மோட்டாரின் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பிரிக்காமல் கரண்ட் கொடுத்தால் டீகோடர் போய்விடும். அதற்கு முன்னால் டிசியில் 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு கணம் விரலால் நிறுத்தி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார். டீகோடரின் அளவு அதைவிடக் கூட இருக்க வேண்டும். ஐந்து டீகோடர் சேர்ந்தால் கன்ட்ரோலரை விட அதிகம்கூட விழலாம், பட்ஜெட்டில் அதையும் எழுதிக்கொள். தண்டவாளம் பிரியும் பாயின்ட்டுகளுக்கு டீகோடர் போடாதே. எட்டடி மேசையில் கையை நீட்டினால் பாயின்ட்.

கடைசியாக ஒன்று. புதிதாக வரும் எல்லா டீகோடருக்கும் நம்பர் 3 தான். அதை எந்த இன்ஜினுக்கும் நிரந்தரமாக வைக்காதே. ஒரு தடவை நான் புது இன்ஜினை லூப்பில் வைத்துவிட்டுக் குமிழைத் திருப்பினேன்; அந்தப் பக்கம் சுரங்கத்துக்குள் நின்றிருந்த பழைய 3-உம் சேர்ந்து கிளம்பிவிட்டது. எனக்குத் தெரியாது. பாயின்ட்டில் சந்தித்துக்கொண்டார்கள். செங்கல் நிறப் பெட்டியின் பஃபர் உடைந்தது அன்றைக்குத்தான்.

கறுப்பு இன்ஜின் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து எழுது. என்னிடம் ஒரு 8 பின் டீகோடர் சும்மா கிடக்கிறது, தாங்குமென்றால் அனுப்பி வைக்கிறேன். சுரங்கத்தின் மேல்மூடியைக் கழற்றுகிற மாதிரி வை. உள்ளே நின்றுபோன வண்டியை உன் முழங்காலோடு குனிந்து எடுக்க முடியாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்