48 வோல்ட், சரி

அன்புள்ள அம்முவுக்கு,

இழுப்பதைவிட அதிகமாகக் கரண்ட் தருகிறது என்று சொல்லி நீ அனுப்பிய காந்தச் சக்கர ஜெனரேட்டர் படத்தைப் பார்த்தேன். கம்பி சுற்றிய காயிலைப் பார்த்ததுமே உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. என் பட்டறைப் பையன்கள் ஒருத்தன்கூட இவ்வளவு படிந்து உட்காரும்படி சுற்றியதில்லை. அம்மாவிடம் காட்டினேன். அவள் காயிலைப் பார்க்கவில்லை, படத்திலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி மூணு மணிக்கா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்குக்கு வருகிறேன். மீட்டர் 48 வோல்ட் காட்டியது, சரி. அப்புறம் அதையே ஆம்பியருக்குத் திருப்பி அதே இரண்டு முனையிலும் வைத்திருக்கிறாய், 0.4 வந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கி 19 வாட் என்கிறாய். சக்கரத்தைச் சுற்றும் மோட்டார் 12 வாட்தான் இழுக்கிறது, ஆகவே 7 வாட் மிச்சம் என்கிறாய். அம்மு, 48 வந்தபோது காயிலில் கரண்ட் ஓடவில்லை. 0.4 ஓடியபோது முனைகளில் வோல்ட் இல்லை, ஏனென்றால் ஆம்பியரில் வைத்த மீட்டர் காயிலை ஷார்ட் செய்துவிடும். ஒரே நேரத்தில் இல்லாத இரண்டைப் பெருக்கி என்ன பயன்?

லோடு, அதாவது கரண்டை இழுக்கும் ஒன்றை, போட்டு அள. 48-ஐ 0.4-ஆல் வகுத்தால் 120 ஓம், அது காயிலின் தடை. காயிலை நிறுத்திவைத்து ஓம் அளந்தாலும் அநேகமாக அதற்குப் பக்கத்தில்தான் வரும். 120 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போடு, ஏறக்குறைய 24 வோல்ட்தான் நிற்கும். 24-ஐ 24-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 4.8 வாட். உன் 19-ல் கால் பங்கு. அதே வேகத்தில் இந்தக் காயில் அதற்கு மேல் பெரிதாகத் தராது. கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டுவிடாதே, கருகிவிடும். 10 வாட் போடு. அதுவும் சுடும், தொடாதே.

இன்னொன்று. லோடு போட்டதும் மோட்டார் திணறும். காயிலில் ஓடும் கரண்டே காந்தத்தைப் பிடித்து இழுக்கும். லென்ஸ் என்ற விஞ்ஞானி 1834-லேயே சொன்னது, பள்ளியில் படிக்கும்போது நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அந்த 12 வாட் நீ குறித்தது காயில் சும்மா இருந்தபோது. லோடோடு மோட்டாரின் ஆம்பியரை மறுபடி பார், ஏறியிருக்கும். மலிவான மீட்டர் ஒழுங்கான சைன் அலைக்குத்தான் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டும், கையால் செய்த காந்தச் சக்கரத்தில் அலை அப்படி வராது. அதனால் அந்த 48-ஐயும் ரொம்ப நம்பாதே.

சித்தப்பாவும் மிச்சம் வருகிறது என்றுதான் ஆரம்பித்தார். அவருடைய பச்சைப் பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. உனக்கு அவரைவிடப் புத்தி அதிகம், கை சுத்தம் அதிகம். பிறகு ஏன் இரண்டு வாரமாக அம்மாவின் போனை எடுக்கவில்லை? இந்த மாதிரி ஒரு வேலைக்கு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் தாராளமாகப் போதும். இதற்காக யாரும் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை. நான் பொதுவாகச் சொல்கிறேன்.

அண்ணன் வீடு மாறிவிட்டான். மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். நீ லோடு போட்டு அளந்து, மோட்டார் ஆம்பியரோடு சேர்த்து எனக்கு அனுப்பு.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அம்மா கூப்பிடுவாள். "ஆபீஸில் இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டால்கூடப் போதும், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்பா