உகந்துடைமை

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. கும்பப்பூ நெல் நடவு ஓடிக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. நல்ல மழை. தேரூர் குளம் நிரம்பிக் கிடக்கிறது.

கவிதையைப் படித்து ரசித்தால் போதாதா, இலக்கியக் கோட்பாடெல்லாம் எதற்கு என்று கேட்டிருந்தாய். நானும் ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் நூலகத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் ஆறேழு பேர் வருகிறார்கள். ஆங்கில விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னாரே, 1929இல் புத்தகமாகக்கூட வந்ததே, அதையே நானும் செய்து பார்த்தேன். கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தில் ஒரு பகுதியைப் பெயரில்லாமல் கொடுத்தேன். ஓசை பிடிபட்டது, கேலியும் பிடிபட்டது. அதில் பேசுகிற பெண் எதற்காக இப்படிப் புலம்புகிறாள் என்பது மட்டும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. சொல்லை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான் கிடைக்கும்.

அடுத்த வாரம் எங்கள் ஆச்சியின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய பத்திரத்தைக் கொண்டுபோனேன். கொல்லம் ஆண்டு போட்டது. மடித்த இடமெல்லாம் கிழிந்து துணி ஒட்டியிருக்கும். அதில் ‘உகந்துடைமை’ என்ற சொல்லில் விரலை வைத்துக் காட்டினேன். மருமக்கள் வழியில் காரணவரின், அதாவது குடும்பத் தலைவரான தாய்மாமனின், சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற இந்தச் சிறு பங்குதான். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே இது மாறியது என்றேன். ஒரு பிள்ளை சட்டென்று, “அப்போ மாப்பிள செத்தா அவ எங்க போவா?” என்று கேட்டாள். ஈழத்து விமர்சகர் கைலாசபதியைப் படிக்காமலே அவள், சொத்து யார் கையில் என்று கேட்கும் மார்க்சிய விமர்சனத்தின் வாசலுக்கு வந்துவிட்டாள், மக்கா! பக்கத்திலிருந்த பையன், கவிதையில் பேசுகிறவள் காரணவரின் ஐந்தாவது மனைவி, எழுதியவர் ஆண், இது அவள் குரல்தானா என்றான். பெண்ணியம் கேட்பதும் அதைத்தானே.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1967இல் ஆசிரியன் இறந்துவிட்டான், எழுதியவனை வைத்துப் பொருள் தேடாதே என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கவிமணி பிறந்த தேரூரிலேயே பிறந்தவனுக்கு அவரைத் தள்ளிவைக்க மனம் வருமா? ஆனால் அன்று அவரைச் சற்று ஒதுக்கிவைத்துப் படித்தோம். மருமக்கள் வழியைத் திருத்த எழுதியது என்பதை மறந்ததும், அந்தப் பெண் எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சரி, பொங்கலுக்கு வருவாய்தானே? ஞாயிறு சேர்ந்தாற்போல் வா. அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பத்திரங்களைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்; பழைய எழுத்து, நீதான் கூட இருந்து படித்துத் தரவேண்டும்.

அன்புடன்,
உன் மக்கா