மேலே கல் இல்லை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, தோள். வலது கை காதுக்கு மேலே போகமாட்டேன் என்கிறது. பிசியோதெரபி செய்யும் பெண், சுவரில் விரலால் படிப்படியாக ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறாள். சட்டை மாட்டிவிட வீட்டில் ஆள் வேண்டியிருக்கிறது. சிரிக்காதே.

இந்த லட்சணத்தில் பழைய புத்தகக் கட்டைப் பிரித்தால், உள்ளே இத்தாலிய ஓவியன் மொதிலியானியின் வாட்டர் கலர் ஒன்றின் அச்சுப் படம். காலேஜில் அவனுடைய நீண்ட கழுத்துப் பெண்களைத்தானே கேலி செய்தோம்? இது 1913 வாக்கில் பாரிஸில் வரைந்தது. குந்திய ஒரு பெண், ரோஸ் நிற உடம்பு, இரண்டு கையும் தலைக்கு மேலே, சுற்றிலும் புடவைக்குப் போல நீலக் கரை. கிரேக்கக் கோயிலில் தூணுக்குப் பதிலாக நிற்கும் கல் பெண்களின் வம்சம். ஆனால் ஏதென்ஸ் பெண்கள் நிமிர்ந்து நின்று தலையால் தாங்குவார்கள். இவள் மடங்கி, கையால் தாங்குகிறாள்.

எதைத் தாங்குகிறாள் என்று பார்த்தேன். மேலே உத்திரமும் இல்லை, கல்லும் இல்லை. அந்த நீலக் கரைதான்.

அவன் அப்போது ஓவியனாக இருக்கவே விரும்பவில்லை, தெரியுமா? 1909-ல் சிற்பி பிரான்குஸியைச் சந்தித்த பிறகு கல்லைத்தான் பிடித்துக்கொண்டான். இப்படிப்பட்ட பெண்களே தூண்களாக நிற்கும் ஒரு கோயில் கட்டும் கனவு. 'மென்மையின் தூண்கள்' என்று அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தானாம். சிறு வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம், அதில் கல் தூசி வேறு. 1914-ல் போர் வந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டான். காகிதத்தில் இந்தப் பெண்கள் டஜன் கணக்கில் இருக்கிறார்கள். கல்லில் இப்படிக் குந்தியிருப்பவள் ஒருத்திதான், மூன்றடி உயரம், இப்போது நியூயார்க்கில். 1920 ஜனவரியில் அவன் இறந்தபோது வயது 35.

நீண்ட கழுத்துகளை நாம் ஸ்டைல் என்று நினைத்தோம். எனக்கு இப்போது அவை செதுக்க முடியாமல் போன தூண்களாகத்தான் தெரிகின்றன. தப்பென்றால் எழுது, நீ விடமாட்டாய்.

கரை ஒழுங்கான கோடு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்லில் ஒரு வெட்டு பிசகினால் போச்சு. இங்கே கை கொஞ்சம் நடுங்கினால் அதுவும் படத்தோடு சேர்ந்துவிடுகிறது. உன் கை நடுக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதனால் சொல்கிறேன். பிரஷ்ஷைக் கட்டி வைக்காதே.

மகன் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்றா? முட்டுக் கம்புகளை அவசரப்பட்டுப் பிரிக்கச் சொல்லாதே.

படத்தைச் சுவரில், பென்சில் கோடுகளுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். "இவங்களுக்குத் தோள் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் அந்த பிசியோதெரபிப் பெண். நேற்று எனக்கு ஒரு விரல்கடை கூடியிருக்கிறது.

உன்,
மணி