டாப் கோட் பாட்டிலை மாற்றாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெல் நகப் பூச்சு பளபளக்காமல் மங்குகிறதே, மேலே கடைசியாகப் பூசும் டாப் கோட்டை வேறு கம்பெனிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பாட்டிலில் கோளாறு என்றால் பத்து விரலும் ஒன்றுபோல மங்கியிருக்கும். படத்தில் கட்டைவிரல் இரண்டும் சுண்டுவிரலும்தான் மங்கல். நடுவிரலில் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு நூல் பிடித்தாற்போல நேராக விழுகிறது. கட்டைவிரலில் அதே கோடு ஓரம் கலைந்து கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நகத்திலும் இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகிக்கொள்.

முதலில் மங்கல் எப்போது வந்தது என்று கண்டுபிடி. ஜெல்லை இறுக வைக்கும் புற ஊதா லேம்பிலிருந்து கையை எடுக்கும்போதே இருந்ததா, மேலே மிஞ்சும் பிசுபிசுப்பைத் துடைத்த பிறகு வந்ததா, வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்தா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

பெரும்பாலும் துடைக்கும்போதுதான் கெடுகிறது. ஜெல் இறுகும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்பரப்பை மட்டும் முழுதாக இறுக விடாது. அந்தப் பிசுபிசுப்பு இருக்க வேண்டியதுதான். ஆனால் லேம்பிலிருந்து வந்த சூட்டோடு துடைத்தால் அடியில் இருக்கும் ஜெல்லும் இளக்கமாக இருக்கும், துடைத்த தடம் அப்படியே பதிந்துவிடும். 30 முதல் 60 விநாடி ஆறவிடு. பிறகு இழை உதிராத லின்ட்-ஃப்ரீ வைப்பை ஐசோபிரைல் ஆல்கஹாலில் நன்றாக நனைத்து, நகத்தின் அடியோரத் தோலான க்யூட்டிகிள் பக்கமிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்காதே. பஞ்சு வேண்டவே வேண்டாம், இழை ஒட்டும். ஒரே வைப்பால் பத்து விரலையும் துடைத்தால், முதல் நாலு விரலின் பிசுபிசுப்பை மற்ற ஆறிலும் பூசுகிறாய் என்று அர்த்தம். ஒரு கைக்குக் குறைந்தது ஒரு புது வைப். ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருப்பதால் மெதுவாகத்தான் காயும், திட்டும் விழும். அவசரத்துக்கு அசிட்டோனைத் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு அத்தோடு போயிற்று. துடைக்கும் முன்னால் க்யூட்டிகிள் ஆயில் பக்கமே போகக் கூடாது.

நோ-வைப் டாப் கோட் என்றால் துடைக்கவே தேவையில்லை. பழக்கதோஷத்தில் சூட்டோடு துடைத்துவிட்டு, பளபளப்பு வரவில்லையே என்று தேடாதே.

இனி உன் கட்டைவிரல் விஷயம். கையைத் தட்டையாக லேம்புக்குள் வைத்தால் கட்டைவிரல் நகம் பக்கவாட்டில் திரும்பிவிடும், வெளிச்சம் நேராக விழாது. நாலு விரலை முதலில் க்யூர் செய், அதாவது லேம்பில் இறுக வை. பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, நகம் மேல்நோக்க வைத்துத் தனியாகச் செய். சுண்டுவிரல் ஓரத்துக்குப் போய்விடும், அதைப் பைய உள்ளே தள்ளி வை. எல்.இ.டி. லேம்பில் பொதுவாக 30 முதல் 60 விநாடி, பழைய குழல் லேம்பில் 2 நிமிடம். ஆனாலும் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. உன்னுடையது நாலு 9 வாட் குழல் போட்ட 36 வாட் லேம்ப். குழல் நாள்பட்டாலும் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், இறுக வைக்கும் புற ஊதாக் கதிர் மட்டும் குறைந்துபோகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தினமும் வேலை நடக்கிற பார்லரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலையும் சேர்த்து மாற்று. உள்ளே ஒட்டிக் காய்ந்த ஜெல்லை, சுவிட்சை அணைத்து ஆறிய பிறகு ஆல்கஹாலால் துடைத்துவிடு.

டாப் கோட்டை ரொம்ப மெல்லிசாக இழுப்பதும் ஒரு காரணம். பிசுபிசுப்பைத் துடைத்தபின் மிஞ்சுவது போதாமல், அடியிலிருக்கும், நகத்தை அராவிய ஃபைல் கீறல் எல்லாம் மேலே தெரியும். கலர் கோட்டைவிட ஒரு சுற்று கனமாக வை, 10 விநாடி தானாகப் பரவ விடு, நுனியையும் மூடு. கிளிட்டர் என்றால் இரண்டு கோட். ஃபைல் தூசியை பிரஷால் தட்டாமல் பூசினால் சொரசொரப்பு. துடைத்த வைப்பில் கலர் ஏறுகிறதா என்று பார். ஏறினால் கலர் கோட் சரியாக இறுகவில்லை, அல்லது டாப் கோட் பிரஷில் கலர் கலந்திருக்கிறது. பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து உருட்டு. ஜன்னல் பக்கம் வைக்காதே. நம்ம ஊர் வெயிலுக்கு பிரஷ் முடியிலேயே ஜெல் இறுகிக் கட்டி தட்டும்.

நாலு நாள் கழித்து மங்குவது நம்ம பக்கத்துக் கல்யாணப் பெண்களுக்கு அதிகம். நலங்கு மஞ்சள், மருதாணி, அப்புறம் ஜெல்: இந்த வரிசை மாறக் கூடாது. மருதாணிக் கோனில் எண்ணெய் இருக்கும், அதனால் நகத்தை சோப்பு போட்டுக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டே அடிப்பூச்சான பேஸ் கோட். வலது கை மட்டும் மஞ்சளாக மங்கினால் அது சாம்பார்க் கறை, உன் வேலையில் குறை இல்லை. வெயில் பட்டால் மஞ்சள் தானாகவே வெளிறும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மேல்பரப்பைக் கீறிவிடும், கையுறை போடச் சொல். கொசுவுக்குப் பூசும் கிரீமில் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து இருந்தால் அது பிளாஸ்டிக்கையே இளக்கும், ஜெல்லையும் விடாது. வள்ளியூர்ப் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைப் படலம் படியும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துடைத்துக் கழுவினால் போய்விடும்.

மங்கிய நகத்தைச் சரிசெய்யும் முன் ஆரஞ்சு குச்சியால் (நகம் சுத்தம் செய்யும் மரக்குச்சி) லேசாக அழுத்திப் பார். பள்ளம் விழுந்தால் அடிவரை இறுகவில்லை, முழுதும் கழற்றிவிட்டுத் திரும்பப் போடு. கெட்டியாக இருந்தால் 240 கிரிட் (சொரசொரப்பின் அளவு) பஃபரால் மேலோட்டமாகத் தேய்த்து, தூசி தட்டி, ஆல்கஹாலால் துடைத்து, ஒரு டாப் கோட் போட்டு க்யூர் செய்தால் போதும்.

ஏட்டி, இதில் ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதே. இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால், அதிலிருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனத்தால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. பின்னால் பல் அடைக்கிற பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வாடிக்கையாளரைவிட நாள் முழுக்க அதைக் கையாளும் உனக்குத்தான் ஆபத்து அதிகம். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள். தோலில் வழிந்ததை லேம்புக்குள் கை போகும் முன்னே குச்சியால் எடுத்துவிடு.

புதுக் குழல் நாலும் இங்கே வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பழையதின் அடியில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து அனுப்பு. சோக் வைத்த லேம்புக்கு ஒரு வகை, எலக்ட்ரானிக் லேம்புக்கு வேறு வகை. மாற்றி வாங்கினால் எரியாது.

அம்மா