திரைச்சீலையை விலக்கி வை

அன்புள்ள மகளுக்கு,

அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று வாரமாக நீ வீடியோ அழைப்பில் படத்தை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய். பேச்சும் 'ம்', 'சரிப்பா' என்று முடிந்துவிடுகிறது. வேலை போனதைப் பற்றி நான் எதையும் கேட்கப்போவதில்லை. குளிர்காலத்தில் மனம் சோர்ந்தால் உதவும் வெளிச்சத்தைப் பற்றியும், இன்னும் சிலதும் எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் பகல் சுருங்கினால் உடம்பின் கடிகாரம் பின்தங்கும். அதை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம். எழுந்ததும் திரைச்சீலையை விலக்கு. அரை மணி நேரம் வெளியே நட. மூட்டம் போட்டிருந்தாலும் போ. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; மேகமூட்டமான பகலிலும் வெளியே பெரும்பாலும் 1,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். வீட்டுக்குள் எல்லா விளக்கையும் போட்டாலும் 300-ஐத் தாண்டுவது அபூர்வம்.

விடியுமுன் எழுகிறாய் என்றால் 10,000 லக்ஸ் விளக்கு ஒன்று வாங்கு. புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகப் பார்த்து வாங்கு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிஷம் போதும். பலரும் தவறுவது தூரத்தில்தான். அந்த 10,000 என்ற கணக்கு, கூடவே வரும் குறிப்பில் சொன்ன தூரத்துக்குத்தான் பொருந்தும். மேசையின் மறுகோடியில் தள்ளி வைத்துவிட்டு 'பலனே இல்லை' என்பார்கள். சற்றுப் பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே வை. கண் திறந்திருக்கட்டும், ஆனால் விளக்கையே உற்றுப் பார்க்காதே. சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். கண்ணில் கோளாறு இருந்தாலோ, மனம் சில சமயம் அளவுமீறிய உற்சாகத்தில் பொங்குவதுண்டு என்றாலோ, மருத்துவரைக் கேட்காமல் தொடாதே.

இரண்டு வாரம் பார். மனச்சோர்வு மாறவில்லையென்றால் மருத்துவரிடம் போ. அதற்குள்ளேயே வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும் அன்றைக்கே போ. நீ அங்கே போன முதல் வருஷம் நடந்தது மாதிரி எங்களுக்குக் கடைசியில் தெரியவேண்டாம்.

வேலை விஷயம். குழுவில் மற்றவர்கள் திணறும் இடத்தில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள், அது எனக்குத் தெரியும். அந்தத் திறமை வேலையோடு போய்விடவில்லை. ஆனால் நாள் முழுக்க விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்காதே. காலையில் இரண்டு மணி நேரம் போதும், அதோடு மூடிவிடு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலைச் சேதி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று கண்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உனக்கும் தெரிந்திருக்கும், காரணம் அவ்வளவுதான். வாரம் இரண்டு பேருக்கு எழுது. 'வேலை இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்பதோடு பேச்சு நின்றுவிடும். 'உங்கள் பக்கம் இப்போது எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் திணறுகிறார்கள், 15 நிமிஷம் பேசலாமா' என்று கேள்.

தெருவில் பழகினவர்கள் எல்லாரும் வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றாய். புதிதாக வந்தவர்களுக்கும் அங்கே யாரையும் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியாக நட. பத்து நாளில் நாலு முகம் பழகிவிடும். திரைச்சீலையை விலக்கினாயா?

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. இத்தனை வருஷமாக நான் முதலில் கேட்டது 'வேலை எப்படிப் போகிறது' என்றுதான். 'நீ எப்படி இருக்கிறாய்' என்று கேட்டதாக நினைவே இல்லை. சொல்ல வேலை இல்லாதபோது அப்பாவிடம் பேச ஒன்றுமில்லை என்று ஆனதற்கு நான்தான் காரணம். மன்னித்துவிடு.

நடக்கும்போது இலை உதிர்ந்த மரத்தின் சிறு கிளை ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார். இலைக்காம்பு கழன்ற வடு பிறை மாதிரித் தெரியும். அதற்கு நேர்மேலே செதில் போர்த்திய மொட்டு ஒன்று இருக்கும். நீ சின்ன வயதில் 'குட்டிக் கொம்பு' என்பாயே, அதுதான். இலை விழுந்தபின் வந்தது என்று நினைக்காதே, போன கோடையிலேயே உருவாகிவிட்டது. போதுமான நாள் குளிர் படாவிட்டால் பல மரங்களில் அது ஒழுங்காக விரியாது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. படம் வேண்டாமென்றால் வேண்டாம். வேலையைப் பற்றிக் கேட்கமாட்டேன். மொட்டு என்ன நிறமென்று மட்டும் சொல்.

அப்பா